கம்ப்யூட்டருக்குத் தெரியாத பிரிண்டர்

பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்று அடையக்கூடிய பகுதி காக்ஸ் டவுன். பழைய ராணுவக் கன்டோன்மென்ட்டைச் சேர்ந்தது அது. 1949-ஆம் ஆண்டில்தான் கன்டோன்மென்ட் பகுதியும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே கடை வாசலில் ஒலிக்கக் கேட்கலாம். அங்கே மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி ஓர் அம்மையார் சிறு கடை ஒன்று நடத்தி வருகிறார். ஒரு காலத்தில் அது டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கும் நிலையமாக இருந்தது. டைப்ரைட்டர்கள் பரணுக்குப் போயின. அவை இருந்த மேஜைமீது ஒரு கம்ப்யூட்டரும், ஒரு ஜெராக்ஸ் யந்திரமும், ஒரு பிரிண்டரும் வந்தமர்ந்தன. இன்று பென்ஷன் விண்ணப்பம், ரேஷன் கார்டு விண்ணப்பம், ரயில் டிக்கெட், பரீட்சை ஹால் டிக்கெட் ஆகியவை அனைத்துக்கும் அத்தெருவார் நாடுவது அந்தக் கடையைத்தான்.

கணிப்பொறி என்றும் அச்சுப்பொறி என்றும் நல்ல தமிழில் சொல்லலாம். ஆயினும் அந்த அம்மையாரும் அவரிடம் வருவோரும் கம்ப்யூட்டர் என்றும் பிரிண்டர் என்றுமே சொல்கிறார்கள். இப்பேச்சில் நானும் அவ்வாறே சொல்லப் போகிறேன்.

அவருடைய பழைய பிரிண்டர் பல வருஷம் உழைத்துவிட்டு ஒருநாள் நின்றுபோயிற்று. அது மருத்துவக் கல்லூரிக்கான நீட் தேர்வு நெருங்கியிருந்த சமயம். அத்தேர்வுக்கு அநுமதிச் சீட்டைத் தாளில் அச்சிட்டே எடுத்துச் செல்ல வேண்டும். கைப்பேசியில் காட்டினால் போதாது. ஆகவே அம்மையார் தாமதியாமல் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்தார், மேஜைமேல் வைத்தார், கேபிளைச் செருகினார், பொத்தானை அழுத்தினார். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோ யாரும் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். அவர் கடைக்கு வராமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: விண்டோஸ் கெட்டுப்போயிருக்கிறது, ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும் என்று. அன்று மாலை நான் அவ்வழியே போனபோது அம்மையார் என்னை நிறுத்தினார். உத்தியோக நாட்களில் யந்திரங்களோடு பழகியவன் என்பது அவருக்குத் தெரியும்.

"சார், ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமாமே? ஒன்பது வருஷத்துக் கணக்கு இதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை" என்றார்.

"அம்மா, ஃபார்மட் என்ற பேச்சு இப்போது வேண்டாம். முதலில் அந்தக் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து உங்கள் மேஜை இழுப்பறையில் வையுங்கள். பிறகு பிரிண்டரைப் பார்ப்போம்" என்றேன்.

பிரதி எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பது வருஷமாக அந்தப் பத்து நிமிஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான் என்பதால் நான் அவரைக் குறை சொல்லவில்லை.

நேயர்களே, பிரிண்டர் தெரியவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே வியாதியன்று. ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்குத் தபால் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கதவு பூட்டியிருந்திருக்கலாம். தபால்காரருக்குப் பெயர் விளங்காதிருந்திருக்கலாம். அல்லது கடிதங்கள் பழைய குடித்தனக்காரர் பெயருக்கே போய்க்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் இடையே அறிமுகம் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்று கண்டுகொள்ளாமல் கையை வைத்தால், கெடாததையும் கெடுத்துவிடுவோம்.

இந்த அறிமுகம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி தன் பிரிண்டருக்கு முப்பத்தாறு முனைகள் கொண்ட ஓர் இணைப்பை வைத்தது. நெடுங்காலம் உலகமெங்கும் அதுவே வழக்காயிற்று. நம் நாட்டு அலுவலகங்களில் கிறீச்சென்று சப்தமிட்டுக்கொண்டே அச்சடித்த டாட் மேட்ரிக்ஸ் யந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடித்த கேபிள் நினைவிருக்கும். அதில் பேச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்ததாகவே இருந்தது. கம்ப்யூட்டர் எட்டு எட்டுக் குறிகளாக எழுத்தை அனுப்பும். பிரிண்டர், பெற்றுக்கொண்டேன், சற்றுப் பொறு, தாள் தீர்ந்தது என்ற அளவில் ஜாடை காட்டும். நான் இன்னார் என்று பெயர் சொல்ல அதற்கு வழியில்லை. ஆகவே எந்தப் பிரிண்டர் வந்திருக்கிறது என்று மனிதன்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. 1994-இல் வகுக்கப்பட்ட விதி ஒன்று அதே கேபிளில் இரு பக்கமும் பேச வழி செய்தது. 1996-இல் வந்தது யு.எஸ்.பி. என்னும் இணைப்பு. ஏழு கம்பெனிகள் கூடி வகுத்த அந்த ஏற்பாட்டில் முக்கியப் பங்கு கொண்டவர், பரோடாவில் படித்து அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் பணியாற்றிய அஜய் பட் என்ற இந்தியர். செருகினால் போதும், வேலை செய்ய வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். அந்த நோக்கம் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நிறைவேறுகிறது என்பதாலேயே, நிறைவேறாத வேளையில் நாம் இவ்வளவு திகைத்துப்போகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

யு.எஸ்.பி. கேபிளுக்குள் வழக்கமாக நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. பிரிண்டரைச் செருகியதும், பேச்சுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தம் உயர்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதுதான் கதவைத் தட்டும் ஓசை. உடனே அது, நீ யார் என்று கேட்கிறது. பிரிண்டர் இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று செய்த கம்பெனியின் எண், மற்றொன்று அந்த மாதிரியின் எண். தான் பிரிண்டர் வகையைச் சேர்ந்தது என்பதையும் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதற்கு ஒரு தற்காலிக விலாசம் கொடுத்து, அந்த எண்களுக்குரிய டிரைவர் தன்னிடம் உண்டா என்று தேடுகிறது. டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்லர். அந்தப் பிரிண்டரின் மொழியை அறிந்த துபாஷி என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

இனிக் கடைக்குத் திரும்புவோம். முதலில் பிரிண்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு, அதனுடன் வந்த சிறு புத்தகத்தில் கூறியபடி பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தோம். கம்ப்யூட்டரின் உதவி எதுவுமின்றி அது தானே ஒரு பரீட்சைப் பக்கத்தை அச்சிட்டுத் தந்தது. அந்த ஒரு தாளில் எவ்வளவோ சந்தேகங்கள் தீர்ந்தன. பிரிண்டரைக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் அலைச்சல் இல்லை. குறை இனிக் கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். அந்தச் சமயத்தில் மேஜைக்கடியிலிருந்த யு.பி.எஸ். கூவிற்று. லேசர் பிரிண்டருக்குள் மைப்பொடியைத் தாளோடு உருக்கி ஒட்டுவதற்கு ஒரு சூட்டு உருளை இருக்கிறது. அது சூடேறும் வேளையில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது. பிரிண்டரை நேரே சுவரிலுள்ள பிளக்கில் மாட்டினோம். கம்ப்யூட்டர் மட்டும் யு.பி.எஸ்.ஸில் இருந்தால் போதும்.

அடுத்தது கேபிள். அதைப் பின்தொடர்ந்து போனேன். பிரிண்டரிலிருந்து புறப்பட்டது பழைய பிரிண்டரின் கேபிள், சுமார் மூன்று மீட்டர். அதனோடு ஒரு நீட்டிப்புக் கேபிள், அதுவும் ஏறக்குறைய அவ்வளவே. அது போய்ச் சேர்ந்த இடமோ கம்ப்யூட்டர் அன்று. ஒரு சிறு ஹப். அதில் ஏற்கெனவே கீபோர்டும், மௌஸும், கேமராவும், விரல்ரேகை யந்திரமும் தொங்கிக்கொண்டிருந்தன. யு.எஸ்.பி. விதிப்படி பிரிண்டருக்குரிய கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டுவதும் விதிக்கு உட்பட்டதன்று. பழைய பிரிண்டர் இதே வழியில் வேலை செய்ததே என்று அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. அது வேலை செய்தபோது நீட்டிப்பு இல்லை. புதிய மேஜை வாங்கியபின் போட்டது என்று அவரே நினைவுகூர்ந்தார்.

ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஹப்பை விலக்கி, நீண்ட கேபிளை நேரே கம்ப்யூட்டரில் செருகியதும் டிங் என்று ஓர் ஒலி. திரையின் மூலையில், இனம் தெரியாத யு.எஸ்.பி. சாதனம் என்று ஓர் அறிவிப்பு. அம்மையார் முகம் வாடிற்று. எனக்கோ மகிழ்ச்சி. முன்பு கதவு தட்டும் ஓசையே கேட்கவில்லை. இப்போது யாரோ தட்டுகிறார் என்பது கேட்டுவிட்டது, பெயர்தான் விளங்கவில்லை. பிறகு பென் டிரைவை எடுத்துவந்த பையன் ஓடிப்போய் ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி வந்தான். எஸ்.பி. ரோடு வரை போக வேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே கிடைத்தது. அதைக் கம்ப்யூட்டரின் பின்புறத்து வாயிலில் செருகினோம். இம்முறை பிரிண்டரின் பெயரே திரையில் வந்தது.

ஆயினும் அச்சு வரவில்லை. விண்டோஸில் டிவைஸ் மானேஜர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கம்ப்யூட்டரோடு சேர்ந்த சாதனங்கள் யாவும் அதில் வரிசையாக நிற்கும். அதில் பிரிண்டரின் பெயருக்கருகே மஞ்சள் முக்கோணத்தில் ஓர் ஆச்சரியக்குறி. தட்டிப் பார்த்தால் 28 என்ற எண். டிரைவர் போடப்படவில்லை என்பது அதன் பொருள். நீண்ட கேபிள் இருந்தபோது வந்த அறிவிப்புக்கு உரிய எண் 43; சாதனத்தின் பதில் கோணலாக வந்தது என்று அதற்குப் பொருள். இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவரிடம் வேலை செய்யவில்லை என்று சொல்வதைக் காட்டிலும், இருபத்தெட்டு என்று சொன்னால் அவர் வேறு தொனியில் பேசுவார்.

டிரைவர் ஏன் இல்லை? அம்மையாரின் மருமகப்பிள்ளை முதல்நாள் இரவே ஒன்றைப் போட்டிருந்தார். ஆனால் அது அந்தப் பிரிண்டருக்கு உரியதன்று. பெயரின் கடைசி ஓர் எழுத்தில் வேறுபடும் இன்னொரு மாதிரிக்கு உரியது. பிரிண்டரின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் முழுப் பெயர் இருக்கும். அதை எழுத்துக்கெழுத்து ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸ் முப்பத்திரண்டு பிட்டா, அறுபத்துநான்கு பிட்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறான டிரைவரை நீக்கினோம், கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்து எழுப்பினோம், பிரிண்டர் செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து உரியதை எடுத்தோம். சில பிரிண்டர்களில், டிரைவரைப் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை கேட்டபின்தான் கேபிளைச் செருக வேண்டும். கேபிள் செருகும் வாயின்மேல் ஒரு சீட்டை ஒட்டி அதை எச்சரித்திருப்பார்கள். நம்மவர் முதல் வேலையாகக் கிழித்தெறிவது அந்தச் சீட்டைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் பிரிண்டரின் பெயரைப் போட்டுத் தேடினால், கம்பெனியின் தளம் முதலில் வரும் என்று நிச்சயமில்லை. டிரைவர் தருகிறோம் என்று சொல்லி வேறு எதையோ புகுத்தும் தளங்கள் இருக்கின்றன. கம்பெனியின் உதவி எண் என்று ஒரு தொலைபேசி எண்ணைப் போட்டு, அழைப்பவரின் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே தம் வசமாக்கி, பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரிண்டர் தெரியாத அவசரத்தில், வாசலில் மூன்று வாடிக்கையாளர் காத்து நிற்கும்போது, நிதானமுள்ளவர்களே அதில் விழுந்துவிடுகிறார்கள். விலாசத்தைப் பிரிண்டருடன் வந்த புத்தகத்திலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்வது உத்தமம்.

மஞ்சள் முக்கோணம் மறைந்தது. அம்மையார் ஒரு பக்கத்தை அச்சிடக் கட்டளையிட்டார். மௌனம். மீண்டும் கட்டளை. மீண்டும் மௌனம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஃபார்மட் என்ற சொல் திரும்பவும் எட்டிப்பார்த்தது. உண்மையில் கம்ப்யூட்டர் அச்சிடச் சொன்னதையெல்லாம் பணிவோடு அனுப்பிக்கொண்டுதான் இருந்தது, பரணுக்குப் போய்விட்ட பழைய பிரிண்டருக்கு! அதன் பெயர் பட்டியலில் நீடித்தது; வழக்கமான பிரிண்டர் என்ற பட்டமும் அதற்கே இருந்தது. அதன் வரிசையில் பதினான்கு தாள்கள் காத்துக் கிடந்தன. ஸ்பூலர் என்பது அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்திவைத்து ஒவ்வொன்றாக அனுப்பும் நிரல். வரிசை அடைத்துக்கொண்டால் அதை நிறுத்தி மறுபடி துவக்க வேண்டும். பதினான்கையும் நீக்கினோம், பழைய பெயரை எடுத்தோம், புதியதற்குப் பட்டத்தைக் கொடுத்தோம்.

ஆக, மூன்று குறைகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒளிந்திருந்தன. முன்னது விலகினால்தான் பின்னது கண்ணுக்குப் படும். கேபிளை மாற்றியும் அச்சு வரவில்லையே, ஆகவே கேபிள் குறையில்லை என்று எண்ணிப் பழைய கேபிளையே மறுபடி மாட்டியிருந்தால் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாலும் தீர்ந்திராது. விண்டோஸை ஃபார்மட் செய்திருந்தாலோ, ஒன்பது வருஷத்துக் கணக்கு போயிருக்கும். ஆறு மீட்டர் கேபிள் அப்படியே இருந்திருக்கும்.

"கேபிளே இல்லாமல் வைஃபையில் வைத்துக்கொண்டால் இந்த வம்பெல்லாம் இல்லையே, சார்?" என்று அம்மையார் கேட்டார். வம்பு இடம் மாறும், அவ்வளவே. கம்பியில்லாப் பிரிண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டும் இயங்கும் வைஃபை அவற்றின் கண்ணுக்கே படாது. விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் வைஃபையில் ஒரு சாதனம் மற்றொன்றைப் பார்க்காதபடி தடுத்திருப்பார்கள். இன்னொரு சங்கடம், ரௌட்டர் பிரிண்டருக்குக் கொடுக்கும் எண் விலாசம். மின்சாரம் போய் வந்தபின் அது மாறிவிடலாம். கம்ப்யூட்டரோ பழைய விலாசத்திலேயே தேடிக்கொண்டு, பிரிண்டர் ஊரில் இல்லை என்று சொல்லும். ரௌட்டரில் அந்த விலாசத்தை நிலையாக ஒதுக்கி வைப்பது அதற்குப் பரிகாரம். கன்டோன்மென்ட்டுப் பழைய வீடுகளின் கனத்த சுவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலே கேட்பதில்லை.

டிரைவர் என்ற துபாஷியே தேவைப்படாத பொது மொழி ஒன்றை நோக்கித்தான் உலகம் போய்க்கொண்டிருக்கிறது. 2010-இல் ஆப்பிள் கம்பெனி தன் கைப்பேசிகளிலிருந்து டிரைவர் இன்றி அச்சிடும் முறையைக் கொண்டுவந்தது. 2013-இல் பிரிண்டர் செய்யும் கம்பெனிகள் சில கூடி மோப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு கம்பெனியும் செய்தளிக்கும் தனி டிரைவர்களை விண்டோஸின் வழியே விநியோகிப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக மைக்ரோஸாஃப்ட் 2023-இல் அறிவித்தது. புதிதாகப் பிரிண்டர் வாங்குவோர் இந்தப் பொது மொழி அதற்குத் தெரியுமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நன்று. பழையதை வைத்திருப்போர் அதன் டிரைவரை ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.

அன்று இரவு எட்டரை மணிக்குத்தான் முதல் அநுமதிச் சீட்டு வெளிவந்தது. எட்டு மணிக்கே வந்து, வேறு கடைக்குப் போகலாமா என்று வாசலில் தயங்கி நின்ற ஒரு பெண்ணுக்கு உரியது அது. அவள் தந்தை அதைச் சூட்டோடு வாங்கி, பெயரும் புகைப்படமும் சரியாக இருக்கின்றனவா என்று விளக்கடியில் இரண்டு தடவை பார்த்தார். மறுநாள் அவ்வழியே சென்றபோது, ஆறு மீட்டர் கேபிள் சுருட்டப்பட்டு டைப்ரைட்டர்களோடு பரணில் கிடந்தது. கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் பிரிண்டரின் முழுப் பெயரும், டிரைவர் எடுத்த தளத்தின் விலாசமும், வெள்ளிக்கிழமைதோறும் கணக்கைப் பிரதி எடுக்க வேண்டும் என்ற குறிப்பும் அம்மையாரின் உருண்டையான கையெழுத்தில் இருந்தன.